ஃப்ளெக்ஸை நிறுத்து, மெஸ் நேரத்தைக் கேள்

தஞ்சாவூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள குள்ளிக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அத்தையின் முட்டிவலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே. உன் மூன்று கடிதத்துக்கும் பதில் போடாதது என் தப்புதான். ஆனால் என் பெரிய அண்டாவை இரண்டு வருஷமாகத் திருப்பித் தராதவள் என்னைக் குறை சொல்லக் கூடாது. கணக்கு நேர்.

உங்கள் சபையில் விடுதி மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஆர்மோனியம் அண்ணன் சொன்னபோது எனக்குச் சந்தோஷம். கமிட்டி 5,000 ரூபாய் ஒதுக்கி, அதில் பாதி 'மாணவர் வரவேற்பு ஞாயிறு' ஃப்ளெக்ஸுக்கும் சால்வைக்கும் என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் வயிறு எரிந்து பேனாவை எடுத்தேன். யாருக்குடி சால்வை? தேவசெய்தி கொடுக்க வருகிறவருக்குத்தானே? அதைப் பார்க்க எந்தப் பிள்ளை பஸ் ஏறி வரும்?

முதல் வேலையாக ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் விடுதிகளின் ஞாயிற்றுக்கிழமை நேரத்தைக் கேட்டு எழுது. காலை மெஸ் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எப்போது மூடுகிறது, மதியச் சாப்பாடு எதுவரை, பெண்கள் விடுதியில் அவுட் பாஸ் யாரிடம் வாங்க வேண்டும், முந்தின நாளே எழுத வேண்டுமா, மாலை எத்தனை மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு கணக்கு இருக்கும். உங்கள் ஆராதனை எட்டரைக்கு. மெஸ் ஏழரைக்குத் திறக்கிறது என்று வைத்துக்கொள். திருவாரூர் பக்கத்து நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிற பெண், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கோயிலுக்குப் பிந்திவிடும், கோயிலுக்கு நேரத்தில் வந்தால் பட்டினி. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் குறைவு. பதினொன்றுக்கு ஆராதனை முடிந்தாலும் உங்கள் செயலாளர் அறிவிப்பை கால் மணி நேரம் வாசிப்பார், அது ஊரறிந்தது. அப்புறம் பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்ச் சேர்வதற்குள் மதியச் சாப்பாடும் போச்சு. இரண்டு வேளை பட்டினி கிடந்து ஆண்டவரைத் தேடும் பக்தி நமக்கே கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை என்று கமிட்டியில் அங்கலாய்ப்பார்கள். விசுவாசம் இருக்கிறது, இட்லிதான் இல்லை.

ஆகவே அந்தப் பணத்தை இப்படிப் பிரி. ஞாயிறு காலை ஒரு வேன். அது முடியாவிட்டால் மூன்று ஷேர் ஆட்டோ, டிரைவர் பெயரும் நம்பரும் உன் கையில். எட்டேகாலுக்குக் கோயில் பின்பக்கம் ஆளுக்கு நாலு இட்லி. ஆராதனைக்கு முன்னால், பின்னால் இல்லை. பின்னால் வைத்தால் நம்ம பெரியவர்களே முடித்துவிடுவார்கள்.

அடுத்தது காலண்டர். கலைக்கல்லூரிகள் ஜூன், ஜூலையில் திறந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகத்து முதலாண்டு கியூட் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சேர்வது, மருத்துவக் கல்லூரி நீட் கவுன்சலிங் முடிந்து வருவது. எல்லாரும் ஒரே நாளில் வருவதில்லை. நீ ஜூலையில் ஒரே ஒரு வரவேற்பு ஞாயிறு வைத்தால் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. ஒவ்வொரு கல்லூரி திறந்த பிறகும் முதல் மூன்று ஞாயிறுதான் உன் கையில் இருக்கிறது. முதல் ஞாயிறு அப்பா அம்மாவோடு வருவார்கள், அதை நம்பாதே. இரண்டாவது ஞாயிறு பிள்ளை தனியாக வருவதா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதா என்று யோசிக்கும். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆள் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நாளைக்கு வண்டி ஏழரைக்கு உங்க கேட்டுக்கு வரும்மா" என்று சொல்ல வேண்டும். வாட்ஸாப் குரூப்பில் சொன்னால் போதாது. குரூப் இருக்கட்டும், ஆனால் வாரத்துக்கு ஒரே செய்தி, சனிக்கிழமை ஆறு மணிக்கு, வண்டி நேரமும் சாப்பாடும் மட்டும். காலை வணக்கப் பூவும் தினம் ஒரு வசனப் படமும் போட ஆரம்பித்தால் மியூட் போட்டுவிடுவார்கள், அப்புறம் உன் வண்டி நேரத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

டிசம்பரும் கணக்கில் இருக்கட்டும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு, முடிந்த கையோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பதினெட்டாம் தேதிக்கு மேல் கேரல் ரவுண்ட்ஸ் வைத்துக்கொண்டு மாணவர்கள் யாரும் வரவில்லை என்று கோபப்படாதே.

இனி சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே, குள்ளி.

கோயில் வாசலில் புதுப் பிள்ளையைப் பார்த்ததும் நம் ஆட்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்திருக்கிறாயா? "எந்த ஊரும்மா?" "அங்கே எந்தத் தெரு?" "அப்பா என்ன பண்றார்?" "அங்கே யாரைத் தெரியும்?" அன்பாகத்தான் கேட்பார்கள், கன்னத்தைத் தடவிக்கொண்டே. நாலாவது கேள்வியில் ஜாதி தெரிந்துவிடும், அதற்குத்தான் அந்த நாலு கேள்வியும். அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். மூன்றாவது கேள்விக்கே துப்பட்டா நுனியைச் சுருட்ட ஆரம்பித்து, கண் செருப்புக்குப் போய்விடும். அடுத்த வாரம் வராது. "படிப்பு அதிகம் போல" என்று நாம் சொல்லிக்கொள்வோம். வாசலில் நிற்க இரண்டு பேரை நீயே பொறுக்கி எடுத்து, கேட்க வேண்டியதைச் சொல்லிக்கொடு: பேர் என்ன, என்ன படிப்பு, சாப்பிட்டியா, திரும்பிப் போக வண்டி இருக்கா. நோட்டிலும் அவ்வளவுதான்: பேர், படிப்பு, விடுதி, சாப்பாட்டில் என்ன ஆகாது, ஊருக்குப் போகும் நாள், இஷ்டப்பட்டால் போன் நம்பர். அப்பா தொழிலுக்குக் கட்டம் போடாதே. யாராவது போட்டால் கிழித்துவிடு, என் பேரைச் சொல்.

சபைச் சந்தாவும் கேட்காதே. பிள்ளைகளின் அங்கத்துவம் சொந்த ஊர்ச் சபையில் இருக்கிறது, அப்பா அங்கே கட்டிக்கொண்டிருக்கிறார். அறுப்பின் பண்டிகைக் காணிக்கைக் கவரை விடுதிப் பிள்ளை கையில் திணிப்பதைப் போலக் கூச்சமான காரியம் வேறில்லை.

ஆராதனை முறையைப் பற்றி நீ கேட்டிருந்தாய். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைக்குப் பாமாலைப் புத்தகத்துப் பாட்டு நம்பர் மனப்பாடம், உங்கள் லுத்தரன் ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் முழிக்கும். பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளைக்கு எப்போது எழும்ப வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்றே தெரியாது. மிசோரம், நாகாலாந்துப் பிள்ளைக்குத் தமிழே தெரியாது. ஒரே தாள், இரண்டு பக்கம்: ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம், பக்க எண்ணோடு, 'இங்கே எழும்பவும்' என்று போட்டு. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க யார் பங்குபெறலாம் என்று சபைப் போதகர் ஐயரிடம் முன்கூட்டியே கேட்டு அதையும் அச்சடித்துவிடு. பந்தி வரைக்கும் வந்து தடுமாறி நிற்கவிடக் கூடாது. வடகிழக்குப் பிள்ளைகள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பிரசங்கத்தில் மூன்று வரி காதில் சொன்னால் போதும். தெருவில் அவர்களை 'சைனா' என்று கூப்பிடும் வாண்டுகள் நம் ஓய்வுநாள் பாடசாலையிலும் உண்டு. அதை முதலில் அங்கே நிறுத்து.

இப்போது சாப்பாடு. மாசக் கடைசி ஞாயிறுதான் வை. முதல் ஞாயிறு திருவிருந்து, நேரம் இழுக்கும். மாசக் கடைசியில்தான் பிள்ளைகள் கையில் காசு இருக்காது. நாற்பது பேர் என்றால் ஐந்து படி அரிசி. ஊர்ப் பந்திக்குப் படிக்குப் பத்துப் பேர், விடுதிப் பிள்ளைக்கு எட்டுதான் கணக்கு. கோழி 7 கிலோ, குழம்பாக. பாய் கடையில் வாங்கினால் கூட வரும் முஸ்லிம் தோழியும் சங்கடமில்லாமல் சாப்பிடுவாள். கறி தொடாதவர்களுக்கு ஒரு கூட்டு. நாலு லிட்டர் பால் முந்தின இரவே உறை ஊற்றிவிடு. ரசம் சுடச்சுட, நிறைய. பிரியாணி வேண்டாம், தம் போட்டு நிற்கிறவளுக்கு ஆராதனை போய்விடும். சாம்பார் வேண்டவே வேண்டாம். ஆறு நாளும் அதில்தான் நீந்திவிட்டு வருகிறார்கள். தட்டை அவர்களே கழுவட்டும், தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில்தான் பேச்சு பிறக்கும்.

மற்ற ஞாயிறுகளில் வீட்டுக்குக் கூப்பிடுகிற குடும்பத்துக்கு நாலு பேருக்கு மேல் அனுப்பாதே. ஐந்தானால் பந்தி ஆகிவிடும், பேச்சு இருக்காது. பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கொண்டுவிட இரண்டு பெண்கள். எந்த அண்ணனும் தனியாக பைக்கில் ஏற்ற வேண்டாம், அவர் எவ்வளவு ஜெபிக்கிறவரானாலும். ராத்திரி தனிச் செய்தி அனுப்புகிறவர் பொறுப்பில் இருக்கக் கூடாது, ஆண்பிள்ளைகள் விஷயத்திலும். விடுதியில் லோக்கல் கார்டியன் என்று கையெழுத்துப் போடச் சொன்னால் பெற்றோரிடம் பேசாமல் போடாதே.

அப்புறம் இ.யு., அதாவது கல்லூரிப் பிள்ளைகளின் இவாஞ்சலிக்கல் யூனியன். நீ எழுதிய தொனியே சரியில்லை: "அவர்கள் நம் பிள்ளைகளை இழுக்கிறார்கள்" என்று. அவர்கள் இழுக்கவில்லை, நாம்தான் விட்டோம். 1954-லிருந்து இந்தியா முழுக்க இ.யு.க்களின் தேசிய அமைப்பான யு.இ.எஸ்.ஐ. செய்கிற வேலை அது, பிள்ளைகளே நடத்தும் ஐக்கியம்: வேத ஆராய்ச்சியும் அவர்களே, ஜெபமும் அவர்களே, சண்டையும் அவர்களே. பட்டதாரிகள் பின்னால் நிற்பார்கள். ஞாயிறு சபைக்குப் போ என்று அவர்களே சொல்வார்கள். நீ செய்ய வேண்டியது இரண்டு. அவர்கள் கூடுகை வியாழன் என்றால் உங்கள் வாலிபர் கூட்டத்தை வியாழனில் வைக்காதே. கோயில் ஹாலைக் கொடு, சாவியோடு. அரசுக் கல்லூரி வளாகத்தில் எழுத்தில் அனுமதி இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது, விடுதி அறையில் பாடினால் உடன் தங்கும் பிள்ளைக்குத் தொந்தரவு, ஆகவே இடம்தான் அவர்களுக்குப் பெரிய தேவை. கரண்ட் பில்லை மூப்பர் பேசுவார். பேசட்டும். கல்லூரி வாசலில் கைப்பிரதி கொடுக்க யாரையும் அனுப்பாதே, வம்பு பிள்ளைகள் தலையில்தான் விடியும். சாப்பிட வரும் இந்துத் தோழியைச் சாப்பிடவிடு. அவளாகக் கேட்டால் அவளுக்குப் பதில், கேட்காவிட்டால் இன்னொரு கரண்டி ரசம்.

"சின்னப் பசங்களிடம் சாவியா?" என்று கமிட்டியில் கேட்பார்கள். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரி சீகன்பால்குவுக்கு 25 வயது ஆகவில்லை. 1750-இல் அதே ஊழியத்துக்கு வந்த சுவார்ட்ஸுக்கு 23. இங்கே சிவகங்கைக் குளத்தருகே 1779-இல் கட்டிய கோயில் இன்றும் அவர் பேரில்தான் நிற்கிறது. அந்த இரண்டு பேரும் இன்று உங்கள் வாசலில் வந்து நின்றால், "தம்பி, அது கமிட்டி பெஞ்ச், பின்னால போ" என்பார் உங்கள் பொருளாளர். இதை அப்படியே வாசித்துக் காட்டு.

கீபோர்டு வாசிக்கத் தெரிந்த பையன் வந்தால் முதல் வாரமே பாடகர் குழுவில் பிடித்துப் போடாதே. சனி ராத்திரி பயிற்சி, திங்கள் இன்டர்னல் டெஸ்ட், இரண்டு மாசத்தில் ஆளைக் காணோம். இரண்டாவது செமஸ்டர் வரை சும்மா உட்காரவிடு. வாராவாரம் நாற்காலி அடுக்க ஆள் வேண்டுமென்றால் நம்ம வீட்டுத் தடியன்கள் இல்லையா?

தேர்வு முடிவு வரும் மாசத்தில் தேறினவர் பேர் மட்டும் சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை அறிவிப்பார்கள். அரியர் வைத்த பிள்ளை அன்றைக்கு வாசல் தாண்டி வராது. அந்த வாரம் யார் வரவில்லை என்று நோட்டைப் பார். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அறையைவிட்டு வெளியே வரவில்லை என்று தோழிகள் சொன்னால் ஜெபித்துக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிடாதே. அன்றே போய்ப் பார், அவள் வீட்டுக்குத் தெரியட்டும், டாக்டரிடம் கூட்டிப்போ. ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழில் பேசலாம். நம்பரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை.

வீட்டுக்காரருக்கு என் ஸ்தோத்திரம். விடுதி நேரமெல்லாம் கேட்டு எழுதி அடுத்த வாரத்துக்குள் எனக்கு அனுப்பு, வேன் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

அண்டாவைத் திருப்பித் தர வேண்டாம். அஞ்சு படி அதில்தான் கொள்ளும். கூட வந்த செம்புக் கரண்டியை மட்டும் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. அது மாமியாருடையது.

உன்,
நெட்டச்சி