வாய்வார்த்தையாக ஏற்றிய வாடகையை எதிர்த்து, செவ்வாய்ப்பேட்டை லைன் வீட்டுக் குடித்தனக்காரர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
லைன் வீடுகளில் குடியிருக்கும் ஐந்து குடும்பத்தார்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: ஒப்பந்தத்துக்கு மாறாக வாடகை உயர்த்தியது – ஒப்புக்கொள்ளாததால் தண்ணீரை நிறுத்தியது – மனுவை வாடகை அதிகாரிக்கு அனுப்பி உத்தரவு பெற்றுத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் ஐந்து குடும்பமும் கொலுசுப் பட்டறைகளை நம்பிப் பிழைப்பவர்கள். ஆண்கள் பட்டறையில் பற்றவைக்கும் வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சலங்கை கோர்க்கிறோம். வெள்ளி விலை ஏறினால் எங்களுக்கும் நாலு காசு கூடும் என்று வெளியில் நினைக்கிறார்கள். கூலி ஏறுவதில்லை, ஆர்டர்தான் குறைகிறது.

2022 செப்டம்பரில் வீட்டுக்கு 4,000 ரூபாய் வாடகை பேசிக் குடி வந்தோம். 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். 11 மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதன்படியே 4,200 ஆனது, பிறகு 4,400 ஆனது (கணக்குப்படி 4,410, பத்து ரூபாயை உரிமையாளரே விட்டுக்கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்), 2025 ஜூன் முதல் 4,600 கொடுத்து வருகிறோம். ஒருமுறைகூட நாங்கள் முகம் சுளித்ததில்லை, ஒரு மாதமும் பாக்கி இல்லை.

போன மார்கழிக் கடைசியில் உரிமையாளர் வாசலில் நின்றபடியே, "தை பொறந்தா ஏழாயிரம். முடியாதவங்க காலி பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கவில்லை. ஒப்பந்தப்படி அடுத்த ஏற்றத்துக்கே இன்னும் மாதங்கள் இருந்தன. 4,600 ரூபாயில் ஒரேயடியாக 2,400 ஏற்றுவது பாதிக்கு மேல். வீட்டில் புதிதாக எதையும் கட்டவில்லை. மழைக்கு ஒழுகுகிற கடைசி வீட்டு ஓடுகூட இன்னும் மாற்றப்படவில்லை.

தை மாத வாடகையாக 4,600-ஐ ஜிபேயில் அனுப்பினோம். அன்று மாலையே திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் தபால் நிலையத்தில் மணியார்டர் போட்டோம். கமிஷன் மட்டும் வீட்டுக்கு 230 ரூபாய். அதையும் வாங்க மறுத்துவிட்டார். பணம் கொடுக்கவில்லை என்று நாளைக்கு எங்கள் மேல் பழி வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கமிஷனையும் தாங்கிக்கொண்டோம்.

அதன் பிறகு மோட்டார் அறைக்குப் பூட்டு விழுந்தது. நல்ல தண்ணி தெருக்குழாயில் வருகிறது, பிடித்துக்கொள்கிறோம். போர் தண்ணிதான் கழிவறைக்கும் துணிக்கும் பாத்திரத்துக்கும். ஐந்து குடும்பத்துக்கும் இரண்டே கழிவறை. மாடியில் உள்ள சின்டெக்ஸ் தொட்டியைத் தட்டினால் டொங்கென்று வெறும் சத்தம்தான் வருகிறது. மூன்றாவது வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண், அடுத்த தெருவிலிருந்து குடம் சுமந்து வந்துதான் கழிவறைக்குப் போகிறாள். காவல் நிலையத்தில் சொன்னோம். இது சிவில் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

தெருவில் பெரியவர் ஒருவர், முன்சீப் கோர்ட்டில் நியாய வாடகை மனு போடுங்கள் என்றார். அவர் சொன்னது 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்த காலத்து வழி. விசாரித்ததில், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 22.02.2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது தெரிந்தது. அதன்படி, வாடகையை ஏற்றுவது ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் நடக்க வேண்டும். அதில் தகராறு வந்தால் உரிமையாளரோ குடித்தனக்காரரோ வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். எவ்வளவு வாடகை, எந்தத் தேதியிலிருந்து என்பதை அவர் நிர்ணயிப்பார். அந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவராக, ஆட்சியரால் நியமிக்கப்படுபவர். அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம். தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதியை உரிமையாளர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்றும், நிறுத்தினால் விசாரணை முடியும்வரை காத்திராமல் இடைக்கால உத்தரவு போட வாடகை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. வீட்டைக் காலி செய்ய வேண்டுமென்றாலும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். வாசலில் நின்று சொன்னால் ஆகாது.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவில்லை. முதல் 11 மாதத்துக்குப் பிறகு புதிதாகவும் எழுதவில்லை. நாங்கள் கேட்டபோதெல்லாம் "எதுக்கு அதெல்லாம், நமக்குள்ள" என்று உரிமையாளர் தட்டிக்கழித்தார், நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்பது ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை. புதிய சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாக்கி வீட்டைத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். எங்களுக்குள்ள பயமே அதுதான். எழுத மறுத்தவரே, எழுதவில்லை என்று சொல்லி எங்களை வெளியேற்றிவிடக் கூடாது.

முன்பணமாக வீட்டுக்கு 40,000 ரூபாய் அவரிடம் இருக்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். நாங்கள் ஒப்புக்கொண்டு கொடுத்தோம், அதை இப்போது கிளறவில்லை. கரண்டுக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குவதும், அரசு தரும் 100 யூனிட் இலவசம் எங்கள் சப்-மீட்டர்வரை வந்து சேராததும் தனிக் கதை. அதை மின்வாரியத்துக்குத் தனியாக எழுதுகிறோம்.

ஆகவே, இந்த மனுவை வாடகை அதிகாரிக்கு அனுப்பி, முதலில் மோட்டார் அறையைத் திறந்துவிட இடைக்கால உத்தரவு பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். தொட்டி நிறைந்த பிறகு மற்றதை நிதானமாக விசாரிக்கலாம். 7,000 ரூபாய் செல்லாது என்று அறிவித்து, ஒப்பந்தத்தில் உள்ள 5 சதவீதத்தை அடிப்படையாக வைத்து வாடகையை நிர்ணயிக்க வேண்டும். உரிமையாளர் வாங்க மறுக்கும் மாத வாடகையை வாடகை அதிகாரியிடமே செலுத்த எங்களை அனுமதிக்க வேண்டும். பணம் தயாராக இருக்கிறது. புதிய ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய இரு தரப்பையும் அழைத்து உத்தரவிட வேண்டும். அதற்கான நடைமுறைக்கு என்ன தாள் கேட்டாலும் கொண்டுவருகிறோம்.

விசாரணைத் தேதியை இரண்டு நாள் முன்கூட்டித் தெரிவித்தால், பட்டறையில் சொல்லிவிட்டு ஐந்து வீட்டிலிருந்தும் ஆள் வர முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஐந்து குடும்பத்தாரின் கையொப்பங்கள்)

இடம்: சேலம்

இணைப்பு: 2022 ஒப்பந்தத்தின் நகல், வாடகை செலுத்திய ஜிபே விவரம், மணியார்டர் ரசீதுகள், பூட்டிய மோட்டார் அறையின் புகைப்படம், கர்ப்பிணிப் பெண்ணின் ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டின் நகல்.