லென்ஸ் பட்டறைத் தொழிலாளர் சங்கம், டர்பன்: செயலாளரின் ஆண்டறிக்கை

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடி நேரத்தில் கூட்டம் போட்டால் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவரும் வரமாட்டீர்கள் என்றுதான் தள்ளி வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் டீ குடித்த கையோடு நழுவாமல் அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்த வருடம் அதிகம் பேசியது அலாய் சட்டியைப் பற்றி. மூக்குக்கண்ணாடி லென்ஸைத் தேய்க்கும்போது அசையாமல் இருக்கப் பிடிப்பில் ஒட்ட உருக்குகிறோமே, அந்த வெள்ளி நிற உலோகக் கலவை, பல பட்டறைகளில் இருக்கும் வகை 47 டிகிரியிலேயே இளகிவிடும், டீயை விடச் சூடு குறைவு, அதனால்தான் யாருக்கும் அதைக் கண்டு பயமே இல்லை. அதில் ஈயம், காட்மியம் என்ற இரண்டு விஷ உலோகங்கள் கலந்திருக்கின்றன. அவ்வளவு குறைந்த சூட்டில் புகையைவிடக் கையைத்தான் கவனிக்க வேண்டும்: சுரண்டி எடுக்கும்போது நக இடுக்கில் ஏறும் கறுப்பு அழுக்கு, கை கழுவாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகிறது. சட்டி இருக்கும் மேசையிலேயே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். சாப்பிடத் தனி இடம் கேட்டதற்கு ஒரு முதலாளி "இத்தனை வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார். யாருடைய ரத்தத்தையாவது சோதித்துப் பார்த்தாரா என்று கேட்டேன், பதில் இல்லை.

அப்புறம் தூசி. தங்கச் சுரங்கக்காரர்களின் நெஞ்சு நோய் நமக்கும் வருமா என்று பலர் கேட்டீர்கள். 2019-இல் அவர்களுக்கு 500 கோடி ராண்ட் அளவில் நஷ்டஈட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு இந்தக் கேள்வி நிற்கவே இல்லை. அவர்கள் சுவாசித்தது பாறையில் இருக்கும் படிக சிலிக்கா. கண்ணாடியில் சிலிக்கா இருந்தாலும் அது படிகமாக இல்லை, ஆகவே இரண்டும் ஒன்றல்ல. அதற்காகக் கண்ணாடித் தூசி நல்லது என்று அர்த்தமில்லை, தண்ணீர் ஓடாமல் ஓரம் தேய்க்காதீர்கள். 1.67 ஒளிவிலகல் எண் கொண்ட பிளாஸ்டிக் லென்ஸை வெட்டும்போது வரும் அந்த அழுகிய முட்டை நாற்றம் கந்தகத்தால் வருவது, அதை வெளியே இழுக்கக் காற்றிழுப்பான் வேண்டும், ஜன்னலைத் திறந்தால் போதாது.

1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டப்படி 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி கட்டாயம். நம் பட்டறைகளில் பாதிக்கு அத்தனை ஆள் கிடையாது, ஆனால் வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்புக்கு ஆள் கணக்கு கிடையாது. இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கவும் முடியாது.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் தங்கள் சட்டியில் இருக்கும் அலாயில் என்ன கலந்திருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தாளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஒரு நகலை என்னிடம் கொடுங்கள். தர மறுத்தால் அதையும் சொல்லுங்கள், சங்கத்தின் பெயரில் கடிதம் போடுகிறேன்.