மழைக்காலத்துச் சனிக்கிழமைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குமரி மாவட்டம் திருவட்டாறு பகுதியில் வசிப்பவள். பள்ளிக்குச் செல்லும் மூன்று பிள்ளைகளின் தாய். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண்கள் பலரையும் போல என் கணவரும் வளைகுடா நாடொன்றில் இருப்பதால், பிள்ளைகளைக் கிளப்புவதும் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் நானும் என் மாமியாரும் பங்கிட்டுச் செய்கிற வேலை. புரட்டாசி பிறந்தது முதல் மார்கழி பாதி வரை எங்கள் வீட்டில் நடக்கும் ஓட்டத்தைப் பற்றியும், குறிப்பாக அந்த மாதங்களின் சனிக்கிழமைகளைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை பெய்து, அந்த ஈரம் முழுவதும் காய்வதற்குள் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றார்கள். தலைவன் திரும்பி வராத வீட்டில் வாடைக்காற்று வீசும் காலம் அது என்று பள்ளியில் படித்தபோது, அது என் வீட்டுக்கு இத்தனை பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. போகட்டும். பள்ளிக்கூட ஆண்டின் மிக நெரிசலான மாதங்கள் இந்தக் கூதிர்காலத்தில்தான் வந்து விழுகின்றன. காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு நவராத்திரி, தீபாவளி. அதற்கிடையில் விளையாட்டுப் போட்டிகள், கலைத் திருவிழா, குழந்தைகள் தின நிகழ்ச்சிகள். கார்த்திகை பிறந்தால் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, பள்ளிகளில் கிறிஸ்துமஸ் ஒத்திகை. இவற்றையெல்லாம் தாண்டி வந்தால் அரையாண்டுத் தேர்வு.

இந்தப் பட்டியலில் உள்ள எதையும் நான் குறை சொல்லவில்லை. சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் தேவாரக்கட்டு சரஸ்வதியும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது, சாலையோரம் நின்று மலர் தூவிய கையோடு அரக்கப்பரக்கப் பள்ளிக்கு ஓடிய பிள்ளைப்பருவம் எனக்கும் உண்டு. எங்கள் கவலை இந்த நாட்களைப் பற்றியதன்று, இவற்றுக்காகப் பின்னால் செலுத்த வேண்டியிருக்கும் வட்டியைப் பற்றியது.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த பகுதி என்பதால் ஓணம் இன்றும் எங்கள் வீடுகளில் பண்டிகை. அன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை கிடைக்கிறது. டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்கும் அப்படியே. உள்ளூர் விடுமுறை என்றால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும் என்பது எல்லோரும் அறிந்தது. இதனுடன் மழை விடுமுறைகளும் சேர்கின்றன. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் நீர்மட்டம் உயர்ந்து, குழித்துறையில் சப்பாத்துப் பாலம் தண்ணீரில் மூழ்கி, திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்ற செய்தி வந்த மறுநாள் பள்ளிகளைத் திறந்துவைக்க யாரும் துணிய மாட்டார்கள், துணியவும் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலையும் 2021 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. ஆனால் அப்படி விட்ட நாட்களையும் சில பள்ளிகள் அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலேயே வசூலித்துவிடுகின்றன. ஆக, வேறு மாவட்டங்களில் பிள்ளைகள் ஐப்பசி, கார்த்திகையில் சனிக்கிழமை காலை சற்று நேரம் கூடுதலாகத் தூங்கும்போது, எங்கள் பிள்ளைகள் ஈரம் காயாத சீருடையைப் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் வந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மூத்த மகளுக்கு நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் 800 மீட்டர் ஓட்டம். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகனுக்குக் கலைத் திருவிழாவின் வட்டார அளவிலான போட்டி. அவன் பள்ளியின் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் இளையவளுக்கு மழை விடுமுறைக்கு ஈடான வேலைநாள். எனக்கும் அன்று சங்கத்தில் வேலை. மூன்று பிள்ளைகளும் மூன்று பள்ளிகளில் படிப்பது எங்கள் வசதிக்காக நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு என்பதால் அதில் யாரையும் நோவதற்கில்லை. ஆனால் அந்த மூன்று பள்ளிகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல் ஒரே நாளைப் பிடித்ததுதான் வியப்பு.

காலை ஐந்தரை மணிக்கு மின்சாரம் போயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில் புட்டுக்குழலை அடுப்பில் ஏற்றிவிட்டு, முதல்நாள் துவைத்த காலுறைகளைத் தோசைக்கல்லின் விளிம்பில் வைத்து உலர்த்தினேன். இதைப் படிக்கும் தாய்மார்கள் சிரிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். நனைந்த காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் விடிவதற்குள் பாதி ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதும் மழைக்காலம் கற்றுத்தந்த பாடம். அந்த வகையில் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கு எங்கள் வீட்டில் இரட்டை மதிப்பு உண்டு. மாமியார் இளையவளைக் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினார். நான் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு மகளோடு நாகர்கோவிலுக்குக் கிளம்பினேன். மகன், மடியில் மண்குடமும் அதன் மேல் வைக்கோல் பிரிமணையுமாக, நண்பனின் தந்தை ஓட்டும் ஆட்டோவில் போனான்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. ஓடுதளத்தில் தண்ணீர் நின்றதால் மகளின் ஓட்டத்தைப் பிற்பகலுக்குத் தள்ளிவைத்து, பிறகு வேறொரு நாளுக்கு மாற்றினார்கள். வில்லுப்பாட்டு நடந்த இடத்தில், ஈரக்காற்றில் உடுக்கையின் தோல் தொய்ந்து ஒலி எழும்பவில்லையாம். பிள்ளைகளைப் பழக்கிய ஆசிரியை அதை எடுத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்து அடுப்பருகே போய் அனல் காட்டித் தோலை இறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். முதல் பாட்டு முடிவதற்குள் அது மறுபடியும் தொய்ந்துவிட்டது. அன்று மாலை வீட்டுக்கு வந்த மகன் பரிசு கிடைக்காததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வெயில் அடிக்கும்போது இதை வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் அம்மா" என்று மட்டும் சொன்னான். மாற்றி வைக்கப்பட்ட ஓட்டம் மறுவாரம் வியாழக்கிழமை நடந்தது. மகள் அதற்குள் சளி பிடித்துப் படுத்திருந்தாள்.

வில்லுப்பாட்டு எங்கள் மண்ணின் கலை. என் மாமனார் காலத்தில் கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட பாட்டை, இன்று அவருடைய பேரன் பள்ளி மேடையில் குடம் அடித்துப் பாடுகிறான் என்றால், 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழாவுக்கும் அதில் பங்கு உண்டு. மகளும் ஓடத் தொடங்கிய பிறகுதான் நேரத்துக்கு எழவும் பசித்துச் சாப்பிடவும் பழகினாள். ஆகவே பிள்ளைகள் வகுப்பறையில் உட்கார்ந்து படித்தால் போதும் என்று சொல்லும் பெற்றோரின் பக்கம் நான் இல்லை. இந்தப் போட்டிகளைக் குறைக்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, இதைப் பேசுவோர் குறைவு. எங்கள் பகுதியில் பல வீடுகளில் வருமானம் ரப்பரிலிருந்து வருகிறது. மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் சிரட்டையில் மழைநீர் விழுந்து பால் வீணாகும். கூலிக்குப் பால் வெட்டுகிறவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கை வறண்ட மாதங்கள். நடன உடை வாடகை, ஆட்டோ வாடகை, போட்டிக்குப் போகும் நாளில் வெளிச் சாப்பாடு என்று பள்ளிகள் வழியாக வரும் செலவுகள் அனைத்தும் அதே மாதங்களில்தான் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. என் மகனின் குழுவில் நன்றாகப் பாடிய ஒரு பையன் கடைசி வாரத்தில் விலகிக்கொண்டதற்குக் காரணம் கேட்டபோது, "வீட்டில் வேலை இருக்கிறது" என்றுதான் சொன்னானாம்.

இனி என் வேண்டுகோள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாட்களும் 800 மணி நேரப் பாடமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலைநாட்களும் 1,000 மணி நேரப் பாடமும் வேண்டும் என்கிறது. இந்தக் கணக்கு கல்வியாண்டு முழுமைக்குமான கணக்கு. விட்ட நாளை விட்ட மாதத்திலேயே ஈடுசெய்ய வேண்டும் என்று அதில் இல்லை. அப்படியிருக்க, உள்ளூர் விடுமுறைக்கும் மழைக்கும் ஈடான சனிக்கிழமைகளை, எங்கள் மாவட்டத்துக்கு மட்டுமாவது, தை, மாசி மாதங்களுக்கு ஒத்திவைக்கலாம். அப்போது மழை இல்லை, சாலைகள் காய்ந்திருக்கும், பொதுத்தேர்வு எழுதாத வகுப்புகளுக்கு அந்த மாதங்களில் இத்தனை நெருக்கடியும் இல்லை. பத்தாம் வகுப்புக்கும் மேல்நிலை வகுப்புகளுக்கும் இது பொருந்தாது என்பதை அறிவேன். அவர்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கட்டும். அவர்களைக் காரணம் காட்டி மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அடைமழையில் வரச் சொல்ல வேண்டியதில்லை.

திறந்த வெளியில் நடக்கும் போட்டிகளில் மாநில அளவிலான தேதி எங்கள் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பள்ளி அளவிலும் வட்டார அளவிலும் நடப்பவற்றை ஆவணிக்குள் முடித்துக்கொள்ள முடியும். பள்ளிகள் தம் விருப்பப்படி நடத்தும் ஆண்டு விளையாட்டு விழாவை நவம்பரில் வைத்து, கொடியேற்றும்போதே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பொங்கல் கழிந்து வைத்தால் பார்க்க வருகிறவர்களும் கூடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செப்டம்பர் முதல் வாரத்தில் ஒவ்வொரு பள்ளியும் டிசம்பர் வரையிலான நாட்களை ஒரே தாளில் அச்சிட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டால் போதும், எங்களைப் போன்றவர்கள் விடுப்பை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வோம். இப்போது நடப்பது, வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "நாளை பள்ளி உண்டு" என்று ஒரு வரி வருவதும், அதன்கீழ் நாற்பது பெற்றோர் கைகூப்பும் படத்தைப் போடுவதும்தான்.

பெற்றோராகிய எங்கள் மீதும் பிழை உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. அந்தப் பெருமையைக் காப்பாற்றும் பொறுப்பை ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையின் தலையில்தான் ஏற்றுகிறது. சனிக்கிழமை மிஞ்சினால் டியூஷன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் சமய வகுப்பு, அல்லது ஆலயத்தில் மறைக்கல்வி. பிற்பகலில் மறுபடியும் டியூஷன். என் இளைய மகளை நானே இரண்டு மாதம் ஞாயிறு மாலை கையெழுத்துப் பயிற்சிக்கு அனுப்பினேன். ஒருநாள் அவள் ஆட்டோவிலேயே தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தில் எழுப்ப மனமில்லாமல் அப்படியே வீட்டுக்குத் திருப்பி அழைத்துவந்ததோடு அதை நிறுத்திவிட்டேன். பள்ளிகள் சனிக்கிழமையை விட்டுக்கொடுத்தால், அதைத் தனிவகுப்புகளுக்குத் தூக்கிக்கொடுக்காமல் வைத்திருக்கும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

இந்த ஆண்டும் மகன் வில்லுப்பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறான். பழைய குடத்தின் கழுத்தில் கீறல் விழுந்துவிட்டதால் புதிது வாங்க வேண்டும். தேதி தெரிந்தால்தான் வாங்கிப் பழக்க முடியும் என்று அவன் தினமும் நச்சரிக்கிறான். பள்ளியில் கேட்டால் தேதி இன்னும் முடிவாகவில்லை என்கிறார்கள்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் தாய்,
திருவட்டாறு,
கன்னியாகுமரி மாவட்டம்.