முள் 'ஈ'யைத் தொட்ட பிறகு

தண்டையார்பேட்டை,
வியாழன் இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அறுபது வயதில் கார் வாங்கியிருக்கிறாய், சந்தோஷம். தங்கச்சியை முன் சீட்டில் உட்கார வைத்து மருதமலைக்கு ஒரு நடை போய் வந்தாயாமே! இங்கிருந்தவரை அவளை பஸ்ஸில் கூட ஜன்னல் ஓரம் உட்கார விட்டதில்லை நீ.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பெட்ரோல் முள், காலி என்று காட்டும் 'ஈ'யைத் தொட்ட பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும்? போன திங்கட்கிழமை கேட்டிருந்தால் எழுபது என்று அடித்துச் சொல்லியிருப்பேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தத் தைரியம் போய்விட்டது.

பேத்தியை மணலி புதுநகரில் மகள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மணலியைத் தாண்டி சாத்தாங்காடு பக்கம் வரும்போது முன்னால் கன்டெய்னர் லாரி வரிசை. பின்னால் ஒரு டேங்கர். வண்டி இரண்டு தரம் இருமியது, ஒரு குலுக்குக் குலுக்கியது, அணைந்துவிட்டது. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. பிரேக்கை முதல் தரம் மிதித்தபோது வழக்கம்போல் இறங்கியது, மூன்றாவது மிதிக்குப் பாறையை மிதித்த மாதிரி இருந்தது. இன்ஜின் ஓடினால்தான் இரண்டுக்கும் உதவி கிடைக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். தெரிந்திருப்பது வேறு, காலில் படுவது வேறு. நல்ல வேளை, ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் ரிஃபைனரியின் தீக்கம்பம் வானத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. 1969-இலிருந்து கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பெட்ரோலாக்கும் இடம். அதன் வாசனையில் வளர்ந்தவன் நான், அதன் பக்கத்திலேயே பெட்ரோல் இல்லாமல் நிற்கிறேன். கல்யாண மண்டப வாசலில் பசியோடு நின்றவன் கதிதான். லாரி கிளீனர்கள் இரண்டு பேர் இறங்கி வந்து வண்டியை ஓரம் தள்ளினார்கள். ஒருவன் டேஷ்போர்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஈயில நிக்குது சார்" என்றான். அப்புறம் அரை மணி நேரம் நானும் ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

என் எழுபது எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். என் வண்டியின் டேங்க் 35 லிட்டர். முள் 'ஈ'யைத் தொடும்போதே பெட்ரோல் லைட்டும் எரியும். பெட்ரோல் லைட் எரிந்த அன்றைக்கே போய் ஃபுல் டேங்க் அடித்து, எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று மூன்று தடவை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மூன்று தடவையும் இருபத்தொன்பதரையை ஒட்டியே வந்தது. அப்படியானால் லைட் எரியும்போது உள்ளே ஐந்தரை லிட்டர் மிச்சம். அரை லிட்டரை அடியில் தங்கும் கசடு என்று தள்ளிவிட்டேன். லிட்டருக்கு 14 கிலோமீட்டர். ஐபதினாலு எழுபது. கணக்கில் எங்கேயும் தப்பில்லை. லைட் எரிந்ததிலிருந்து ஓடியது 38.

பாக்கி எங்கே போயிற்று என்று அந்த அரை மணி நேரத்தில் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை லைட் எரிந்தது. அன்றிரவு எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை போகும்போதும் வரும்போதும் அதே கதை. குழந்தை இருக்கிறாளே என்று ஏசி வேறு. நகராமல் நிற்கும் சின்ன கார் கூட ஏசியோடு மணிக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன், இரண்டு லிட்டருக்கு மேல் அங்கேயே போயிருக்கிறது. ஒரு கிலோமீட்டர் கூட ஏறவில்லை. காருக்குக் கணக்கு கிலோமீட்டரில், வடசென்னை ரோட்டுக்குக் கணக்கு மணியில். இரண்டையும் ஒரே நோட்டில் போட்டதுதான் என் தப்பு. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறாயே, அதைவிட எத்தனை நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

உன் புது வண்டியில் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்று எண்ணிலேயே காட்டும் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அதுவும் ஜோசியம்தான். கொஞ்ச நேரம் முன்புவரை எவ்வளவு குடித்தாய் என்று பார்த்து, இனியும் அப்படியே குடிப்பாய் என்று நம்பிச் சொல்கிறது. ஹைவேயில் நூறு என்று காட்டியது ஊருக்குள் நுழைந்ததும் எழுபதாகும்.

முள்ளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டேங்குக்குள் ஒரு ஃப்ளோட் மிதக்கிறது. அதன் கை ஏறி இறங்கும்போது மின்தடை மாறும், அதற்கேற்ப முள் நகரும். டேங்க் ரொம்பி வழியும்போது ஃப்ளோட் மேலே முட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் பெட்ரோல் குறைந்தால்தான் அது இறங்கவே ஆரம்பிக்கும். அதனால்தான் முள் முதல் பாதியில், வந்த விருந்தாளி மாதிரி அசையவே மாட்டேன் என்கிறது, கடைசிக் கால் பங்கில் ரயிலுக்கு ஓடுகிறவன் மாதிரி ஓடுகிறது. டேங்கின் அடி நேர்ப்பெட்டியாக இல்லாமல் கோணல்மாணலாக இருப்பதும் ஒரு காரணம். 'ஈ'யைத் தொட்டதும் வறண்டுவிடாமல், கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே தொடும்படிதான் கம்பெனிக்காரர்கள் வைக்கிறார்கள். எவ்வளவு மிச்சம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். என் ஐந்தரை லிட்டரை உன் வண்டிக்குப் போட்டுப் பார்க்காதே.

பாலத்தில் ஏறினால் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்கிறது, முள்ளும் சாய்கிறது. உனக்குப் பிடித்த நிலவுக் கதையிலும் இது உண்டு. அப்போலோ 11 இறங்கும்போது எரிபொருள் டேங்கில் அலையடித்து, தீரப்போகிறது என்ற விளக்கு முன்கூட்டியே எரிந்துவிட்டது. அதுவும் 1969 தான். நிலவிலேயே அப்படியென்றால் மணலியில் என் முள்ளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது.

இதெல்லாம் யோசித்தபோது நம்ம சேட்டக் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. அதில் முள்ளும் இல்லை, லைட்டும் இல்லை. சீட்டுக்குக் கீழே ஒரு திருகு, அவ்வளவுதான். உள்ளே உயரமாக ஒரு குழாய், குட்டையாக ஒன்று. பெட்ரோல் உயரக் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் வண்டி இருமும். நீ பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாய், நான் பார்க்காமலே கையைக் கீழே விட்டு ரிசர்வுக்குத் திருப்புவேன், உன் பேச்சு கூட நிற்காது. அதைவிட நேர்மையான மீட்டர் இன்னும் வரவில்லை என்பேன். மனிதன்தான் நேர்மையில்லை. பெட்ரோல் போட்ட பிறகு திருகை மேலே திருப்ப மறந்து, ரிசர்வையும் தெரியாமலே தீர்த்துவிட்டு, ராயபுரம் பாலத்து ஏற்றத்தில் நின்றோமே! ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒட்டிக்கொண்டிருந்ததை வடித்து, கிக்கரை உதைத்து உதைத்து உன் செருப்பு அறுந்தது. பங்க் போய்ச் சேர்ந்தோம். செருப்புக்கு இன்று வரை நீ காசு கேட்கவில்லை, நானும் தரவில்லை.

காரைச் சாய்க்க முடியாதே. பங்குக்கு நடந்தேன், பாட்டிலில் தர மாட்டோம் என்று கையை விரித்தார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோலை ஆட்டிக்கொண்டு ரோட்டில் நடப்பது நல்லதும் இல்லை. 'ஈ' என்றால் 'கொடு' என்றும் பொருள் என்று நம்ம தமிழ் ஐயா சொன்னது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. கடைசியில் பஞ்சர் கடைப் பையன் ஒருவன் தன் பைக் டேங்கிலிருந்து டியூப் வைத்துத் தகர டப்பாவில் ஒரு லிட்டர் இறக்கித் தந்தான். நூற்றைம்பது ரூபாய் வாங்கினான். அதில் ஐம்பது அறிவுரைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். "உடனே செல்ஃப் அடிக்காதீங்க சார். சாவிய மூணு தடவ போட்டுப் போட்டு எடுங்க, பம்பு இழுக்கட்டும்" என்றான். நான்காவது தடவையில் பிடித்துக்கொண்டது.

அந்தப் பம்பைப் பற்றித்தான் எனக்கு இப்போது கவலை. இப்போதைய கார்களில் அது டேங்குக்குள்ளேயே இருக்கிறது, சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. வறண்டு ஓடினால் சூடேறும். அடிக்கடி ரிசர்விலேயே ஓட்டுகிறவனுக்கு ஒருநாள் பம்ப் செலவு வந்து நிற்கும். 'அடிக்கசடு ஏறிவிடும்' என்று என் மாதிரி ஆட்கள் பயப்படுவது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. பம்ப் எப்போதுமே அடியிலிருந்துதான் இழுக்கிறது, டேங்க் ரொம்பியிருந்தாலும் அப்படித்தான். உன்னுடையது டீசல் இல்லை, பிழைத்தாய். டீசல் வண்டி வறண்டு நின்றால், குழாயில் புகுந்த காற்றை எடுத்தால்தான் பெரும்பாலும் கிளம்பும்.

ஊட்டிக்குப் போவேன் என்கிறாய். மேட்டுப்பாளையத்திலேயே டேங்கை நிரப்பிக்கொள். ஏற்றத்தில் வண்டி எவ்வளவு குடிக்கும் என்று நம் நோட்டுக் கணக்கு சொல்லாது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடாதே. கியரில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இந்தக் காலத்து இன்ஜின் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். பிரேக்கும் சூடேறும்.

பங்கில் மூடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்தினேன் என்று எழுதியிருந்தாய், சிரித்துவிட்டேன். டேஷ்போர்டில் பெட்ரோல் முள் பக்கத்தில் இருக்கும் பங்க் படத்துக்கு அருகே ஒரு குட்டி முக்கோணம் இருக்கும், பார். அது காட்டும் பக்கம்தான் மூடி. ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்த ஜிம் மோய்லன் என்பவர் 1986-இல் இதே மாதிரி தப்பான பக்கம் நிறுத்தி, மழையில் நனைந்துவிட்டு, ஆபீஸுக்கு வந்து எழுதிக் கொடுத்த யோசனை அது. நீ நனைந்திருந்தால் பங்க்காரனைத் திட்டிவிட்டு வந்திருப்பாய்.

அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, உன்னை விசாரித்தாள். மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது, மகள் வீட்டுக்கு இனி அதில் பாதி, பஸ்ஸில் பாதி என்று போகச் சொல்லி வீட்டில் உத்தரவு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் போட் இறங்கியதும் சொல்கிறேன், வஞ்சிரம் சாப்பிட வா.

அதற்கு முன்னால் ஒன்று செய். அடுத்த தடவை லைட் எரிந்த அன்றைக்கே ஃபுல் டேங்க் அடித்து, எத்தனை லிட்டர் பிடித்தது என்று எனக்கு எழுது. டேங்க் எத்தனை லிட்டர் என்பதையும் சேர்த்து எழுது.

உன்
பாஸ்கர்