ஆலையை இடிக்கும் முன் ஒரு மாலை தாருங்கள்

கொங்கு நாட்டில் மூடிக்கிடக்கும் நூற்பாலைகளின் உரிமையாளர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஆலைச் சங்கு ஊதுவதைக் கேட்டு அடுப்பில் உலை வைத்த சிங்காநல்லூர் வீடுகளுள் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் அப்பா முப்பத்தோரு ஆண்டுகள் ரிங் பிரேம் என்னும் நூல் நூற்கும் எந்திரத்தை ஓட்டினார். இப்போது அந்த ஆலையின் வாசலில் பூட்டு தொங்குகிறது. மதிலில் மனை விற்பனை விளம்பரம் எழுதியிருக்கிறது. ஆலையைத் திறக்கச் சொல்லி இதை எழுதவில்லை. இடிக்க நாள் குறித்துவிட்ட கொட்டகையை, இடிக்கும் முன் ஒரே ஒரு மாலைக்கு, இசை நிகழ்த்த விட்டுத்தர வேண்டும் என்பதே கோரிக்கை.

கச்சேரி என்றதும் மேடையும் பொன்னாடையும் நினைவுக்கு வரலாம். நாங்கள் கேட்பது அது அன்று. அந்தக் கட்டடத்தையும் அதில் மிச்சமிருக்கும் எந்திரங்களையும் வாத்தியமாக்கி, திடும், பறை, உடுக்கை ஆகிய தோல் வாத்தியங்களோடு சேர்த்து, ஒரே முறை நிகழ்த்தி அத்துடன் முடித்துக்கொள்ளும் நிகழ்ச்சி. இது எங்கள் நான்கு பேரின் கிறுக்கு என்று நீங்கள் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே, வேறு ஊர்களில் நடந்தவற்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடக்கூடியது, 1922 நவம்பர் 7ஆம் நாள் காஸ்பியன் கடற்கரை நகரமான பாகுவில் நடந்தது. அக்டோபர் புரட்சியின் ஐந்தாம் ஆண்டு விழாவுக்காக அர்செனி அவ்ராமோவ் என்ற இசையமைப்பாளர், ஊரிலிருந்த ஆலைச் சங்குகள், கப்பல்களின் ஊதல்கள், ரயில் எஞ்சின்கள், பீரங்கிகள், பாடகர் கூட்டம் என எல்லாவற்றையும் ஒரே இசையாகக் கோத்து, உயரத்தில் நின்று கொடியசைத்து நடத்தினார். அன்றைய ஒலிப்பதிவு ஏதும் இல்லை. இன்று கேட்கக் கிடைப்பவை பிற்காலத்தில் மறுபடி உருவாக்கப்பட்டவை. பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் எது எந்த ஆலையின் சங்கு என்று அரைத்தூக்கத்திலேயே சொல்லிவிடக்கூடிய பெண்கள் இருந்தார்கள். அந்தச் சங்குகளையும் யாரும் பதிந்து வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

உங்களுக்கு அச்சம் தரக்கூடிய நிகழ்ச்சியையும் மறைக்க விரும்பவில்லை. 1980இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய ஐன்ஸ்டுர்ட்சென்டே நொய்பாவ்டன் என்ற குழுவின் பெயருக்கு 'இடிந்துவிழும் புதுக்கட்டடங்கள்' என்று பொருள். (அவர்களுடைய முதல் நிகழ்ச்சி நடந்து ஏழு வாரம் கழித்து அந்நகரின் மாநாட்டு மண்டபக் கூரை உண்மையாகவே சரிந்தது. இதற்கு அவர்கள் பொறுப்பல்லர்.) 1984 ஜனவரி 3 அன்று லண்டன் சமகாலக் கலை நிறுவனத்தின் அரங்கில் இக்குழுவினர் சிலர் வேறு கலைஞர்களோடு சேர்ந்து காங்கிரீட் கலவை எந்திரமும் துளைபோடும் கருவிகளும் கொண்டு இசைக்க, அவர்கள் மேடையையே துளைக்கத் தொடங்கியதும் அரைமணி நேரம்கூட ஆகாத நிலையில் நிர்வாகம் நிறுத்தியது, பார்வையாளர்கள் கொதித்துக் கலாட்டா செய்தார்கள். ஆனால் 2007இல் அதே அரங்கு, அந்தக் கலாட்டாவையும் சேர்த்து அம்மாலையை மறுபடி நிகழ்த்திக் காட்ட ஒரு கலைஞருக்கு இடம் கொடுத்தது. துளைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அடுத்தவர் தரையைத் துளைப்பது எங்கள் திட்டத்திலும் இல்லை.

அதே குழு இருபது ஆண்டுகள் கழித்து, 2004 நவம்பர் 4 அன்று, கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் இருந்த குடியரசு மாளிகையில் இசைத்தது. நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருப்பதால் 1990இல் மூடப்பட்டு, அதை அகற்றுவதற்காக உள்ளே எல்லாம் உரிக்கப்பட்டு, வெறும் எலும்புக்கூடாக நின்ற கட்டடம் அது. 2006இல் இடிக்கத் தொடங்கி 2008இல் முடித்துவிட்டார்கள். கட்டடம் போய்விட்டது, அந்த மாலையின் ஒளிப்பதிவு இருக்கிறது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் நடந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அவர்களுடைய பாடகர் குழுவோடு சேர்ந்து இசைத்த டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்ற லண்டன் குழு, 1988இல் பிரித் கோவ் என்ற வேல்ஸ் நாடகக் குழுவுடன் கைகோத்து, மூடிக்கிடந்த கார் தொழிற்சாலை ஒன்றுக்குள் மணலைக் கொட்டி, உடைந்த கார்களை நிறுத்தி, தண்ணீர் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்க, போரில் மாண்ட வீரர்களுக்கான பழைய வெல்ஷ் இரங்கற்பாட்டை இரும்பு அதிர நிகழ்த்தியது. பிறகு அது வேறு நாடுகளுக்கும் போனது. அந்தத் தொழிற்சாலையில் நடந்தது நடந்ததுதான். உடுக்கை அடித்து இரவு இரவாக, மாண்ட வீரச் சகோதரர்களின் கதையான அண்ணன்மார் கதையைப் பாடிய நாட்டில் இருந்துகொண்டு, இறந்த வீரனின் பாட்டை வேலை செத்த கொட்டகைக்குள் பாடுவதன் பொருளை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சத்தத்தில் என்ன இசை என்று கேட்பீர்கள். அரை நைட் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா வீட்டிலும் உரக்கவே பேசுவார். கொட்டகைக்குள் கையசைவாலும் உதட்டசைவாலும் பேசிப் பழகியவர். ஓர் ஆயுத பூசையன்று, பூசை முடிந்து எந்திரத்தை ஓட்டிக் காட்டியபோது, என் உள்ளங்கையைப் பிடித்து ரிங் பிரேமின் ஓரத் தகட்டில் அழுத்தி வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். சற்றுப் பொறுத்ததும் அதற்குள் சீரான ஒரு துடிப்பும், எங்கோ ஒன்று மட்டும் அதிலிருந்து விலகுவதும் விரல்களுக்குத் தெரிந்தன. "நாலு கதிர் தள்ளி ஒண்ணு அழுவுது பாரு" என்றார். எண்ணிப் பார்த்தேன், நான்காவது கதிரில், அதாவது சுழலும் தண்டில், நூல் சுற்றும் பாபின் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

சென்ற ஆண்டு ஓர் ஆலைக்கு எழுதிக் கேட்டோம். மேலாளர் மரியாதையாகவே பேசினார். "பழைய இரும்புக்காரர் எடை போட்டு முன்பணமும் கொடுத்துட்டாருங்க தம்பி, ஒரு பாபின் குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லோணும்" என்றார். அவர் நிலை எனக்குப் புரிந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனபோது அங்கே சமதளமும் ஒரு காவலாளியின் கட்டிலும் இருந்தன.

ஆகவே இம்முறை விலை பேசும் முன்பே கேட்கிறேன். பகலில் தொடங்கி இருட்டும் முன் முடித்துக்கொள்கிறோம். கல்நார்க் கூரையாக இருந்தால் உள்ளே போகாமல் வெளி முற்றத்தில் நிகழ்த்துகிறோம். பஞ்சுத்தூசி படிந்த இடத்தில் நெருப்பும் மின்கம்பியும் கிடையாது. எந்திரத்தைக் கையால்தான் சுற்றுவோம். காப்பீட்டுத் தொகையும் துப்புரவுச் செலவும் எங்களுடையவை. எடை போட்ட இரும்பில் ஓர் ஆணிகூடக் குறையாது. அனுமதிச் சீட்டு விற்கமாட்டோம். அந்த ஆலையில் வேலை செய்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான் முதல் வரிசை. ஒலிப்பதிவின் பிரதி ஒன்று உங்களுக்கும் வரும்.

கொட்டகை உச்சியில் சங்கு இன்னும் இருக்கிறதா என்று மட்டும், பழைய இரும்புக்காரரை அழைக்கும் முன், ஓர் ஆளை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அதை எடையில் சேர்க்காமல் வைத்திருங்கள். அதன் இரும்பு விலையை நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ரிங் பிரேம் தொழிலாளி ஒருவரின் மகன்,
சிங்காநல்லூர், கோவை.