டொல்பின் வானுக்கும் பராமரிப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் வான் வாங்கப் போகிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முதல் புரோக்கர் வரை சொல்வது ஒன்றுதான்: ‘டொயோட்டா எண்டா யோசிக்காமல் எடுக்கலாம்.’ அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 1989 இல் ஜப்பானில் வெளிவந்த ஹைஏஸ் வகையைத்தான் நாம் டொல்பின் என்கிறோம். அவற்றில் பல இன்றும் முல்லைத்தீவிலிருந்து மீன் பெட்டி ஏற்றுகின்றன. விசுவமடுவிலும் மல்லாவியிலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகின்றன. ஆனால் பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்தில் டீசல் எஞ்சின் திருத்தும் நாங்கள் பார்க்கும் மறுபக்கமும் ஒன்று உண்டு. பெயரை நம்பிப் பராமரிப்பைக் கைவிட்டதால் செத்த எஞ்சின்கள் அவை. வண்டி பழையதென்பதால் செத்தவை அவற்றில் மிகக் குறைவு. இந்தக் கம்பனியின் நற்பெயர் எப்படி உண்டானது என்று தெரிந்தால் அந்தத் தவறு குறையும் என்பதால் இதை எழுதுகிறோம்.

டொயோட்டாவின் கதை தறியில் தொடங்குகிறது. தச்சர் ஒருவரின் மகனான சக்கிச்சி டொயோடா 1924 இல் முழுமையாக்கிய தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தாலே தறி தானாக நின்றுவிடும். அறுந்த நூலோடு ஓடும் தறி முழக்கணக்கில் பழுதான துணியைத்தான் நெய்து தள்ளும். அதைப் பார்த்து நிறுத்தவே முன்பு ஆள் நிற்க வேண்டியிருந்தது. தானே நிற்கத் தெரிந்த தறி வந்ததும் ஒரு தொழிலாளியால் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1929 இல் இங்கிலாந்தின் நெசவு இயந்திர நிறுவனமான பிளாட் பிரதர்ஸே அதன் உரிமத்தை வாங்கியது. சக்கிச்சியின் மகன் கீச்சிரோ 1933 இல் தறித் தொழிற்சாலைக்குள் மோட்டார் பிரிவைத் தொடங்கினார். 1937 இல் அது தனிக் கம்பனியானது. டொயோடா என்ற குடும்பப் பெயருக்குச் செழித்த வயல் என்று பொருள். நெல் விளையும் நம் ஊரில் அந்தப் பெயர் இவ்வளவு ஒட்டிப்போனது பொருத்தம்தான். ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோடுகளில் எழுதி முடிக்கலாம் என்பதாலும் எட்டு அங்கே நல்ல எண் என்பதாலும் 1936 இல் அதை ‘டொயோட்டா’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

எடுத்த எடுப்பிலேயே அவர்கள் உறுதியான வண்டி செய்துவிடவில்லை. 1935 இல் வந்த முதல் லொறியான ஜி1 அடிக்கடி வழியில் உடைந்து நின்றது. நின்ற இடத்துக்கே ஆள் போய்த் திருத்திக் கொடுத்து, உடைந்த பாகம் ஏன் உடைந்தது என்று தொழிற்சாலைக்குச் சொல்லி, அடுத்த லொறியில் அதை மாற்றினார்கள். 1950 இல் கம்பனி கடனில் மூழ்கியது, வேலைநிறுத்தம் நடந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள், கீச்சிரோ பதவி விலகினார். கொரியப் போருக்காக அமெரிக்க இராணுவம் கேட்ட லொறிகள்தான் அன்று கம்பனியைத் தூக்கி நிறுத்தின. 1957 இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய கிரவுண் கார் அங்குள்ள பெருந்தெருக்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1960 இல் அந்த ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். 1966 இல் வந்த 1077 சிசி கொரொல்லாதான் பிறகு உலகம் முழுவதும் போனது.

தறியின் பாடத்தைக் கார் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர் டொயோட்டாவின் பொறியியலாளர் தைச்சி ஓனோ. வேலை வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் பிழையைக் கண்டால் கயிற்றை இழுக்கலாம்; விளக்கு எரியும்; உடனே தீர்க்க முடியாவிட்டால் வரிசையே நிற்கும். கண்ட பிழைக்கு ‘ஏன்’ என்று ஐந்து தரம் கேட்கப் பழக்கினார். நற்பெயர் உண்டானது இந்தப் பழக்கத்தால்தான்.

அந்தப் பழக்கம் தளர்ந்த இடத்தில் பெயரும் கெட்டது. 2009, 2010 இல் கால் மிதியில் சிக்கும் அக்ஸிலறேற்றர், மிதித்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் அக்ஸிலறேற்றர் என்று இலட்சக்கணக்கான வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். தலைவர் அக்கியோ டொயோடா 2010 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் முன் மன்னிப்புக் கேட்டார். அந்தக் குறைகளைப் பற்றிப் பாவனையாளருக்கு உண்மை சொல்லாததற்காக 2014 இல் 120 கோடி டொலர் கட்ட வேண்டி வந்தது. டொயோட்டாவுக்குச் சொந்தமான டைஹற்சு கம்பனி பாதுகாப்புச் சோதனைகளில் நீண்டகாலம் முறைகேடு செய்தது 2023 டிசம்பரில் வெளிவந்தது. 64 மாதிரிகள் அதில் அடங்கின. இதைச் சொல்வது கம்பனியைத் தாழ்த்துவதற்காக அல்ல. நூல் அறுந்தும் தறியை ஓடவிட்டால் எவருக்கும் இதுதான் நடக்கும்.

இனி நம் வீதிக்கு வருவோம். ஏ9 இல் கொதித்து நின்ற டொல்பின் ஒன்றிடம் ஓனோவின் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். ஹெட் (எஞ்சினின் மேற்பகுதி) ஏன் வெடித்தது? எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானது. ஏன் சூடானது? றேடியேற்றருக்குள் தண்ணீர் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? உள்ளே குழாய்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தது. ஏன் படிந்தது? கிணற்றுத் தண்ணீரை நாள்தோறும் ஊற்றினார்கள். நாள்தோறும் ஏன் ஊற்ற வேண்டி வந்தது? றேடியேற்றர் மூடியின் றப்பர் காய்ந்து வெடித்து ஆவி வெளியேறியது. ஐந்தாவது பதில் கைக்குள் அடங்கும் ஒரு மூடி. முதலாவது பதிலோடு நின்றால் புது ஹெட் போடுவோம். மூடி அப்படியே இருக்கும். சில மாதத்தில் அந்த ஹெட்டும் வெடிக்கும்.

நம் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும் அதே படிவுதான் றேடியேற்றருக்குள்ளும் பிடிக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு றேடியேற்றரின் அடிக்குழாயையும் எஞ்சின் புளொக்கில் உள்ள வடிகுழாயையும் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். பலர் புளொக்கை மறந்துவிடுகிறார்கள். பாதி அழுக்கு அங்கேதான் நிற்கும். பிறகு கூலன்ற் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி கலந்து ஊற்றுங்கள். பற்றரிக்கு விற்கும் தண்ணீர் போதும். அசிட் போத்தலை மாறி எடுத்துவிடக் கூடாது.

வண்டி சூடாகிறது என்றதும், தண்ணீரின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் பழக்கம் இங்கே பரவியிருக்கிறது. இது தவறு. தேர்மோஸ்ரற் முழுதாகத் திறக்கும்போது எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அதன் அடித்தட்டு மூடும். அதைக் கழற்றினால் குறுக்கு வழி திறந்தே இருக்கும்; ஒரு பகுதித் தண்ணீர் றேடியேற்றர் பக்கம் போகாமல் சூட்டோடு திரும்பி வரும். காலையில் எஞ்சின் சூடேறவும் நேரம் எடுக்கும், உள் தேய்மானம் கூடும். சந்தேகமென்றால் கழற்றி, நூலில் கட்டி, தண்ணீர்ச் சட்டிக்குள் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கும்போது அது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஆறினால் மூட வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசு றேடியேற்றரின் முகத்தில் போர்வைபோல் படியும். அதை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் கழுவ வேண்டும். சேர்விஸ் நிலையத்தின் கடும் அழுத்தம் செட்டைகளை மடித்து வழியை இன்னும் அடைத்துவிடும்.

அடுத்தது டைமிங் பெல்ற். டொல்பினில் வரும் 2எல், 3எல், 5எல் டீசல் எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் காம் சாவ்ற்றையும் டீசல் பம்பையும் சுழற்றுவது ஒரு றப்பர் பெல்ற். 100,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி வளையும். மீற்றர் பலகையில் அதற்கென்றே ஒரு விளக்கு உண்டு. ஆனால் அது மீற்றர் எண்ணைப் பார்த்துத்தான் எரியும். மீற்றரைப் பின்னுக்குச் சுற்றி விற்ற வண்டியில் அந்த விளக்கு சரியான நேரத்தில் எரியாது. கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்குச் சான்று இல்லாத வண்டியை வாங்கினால், முதல் வேலையாக பெல்ற்றை மாற்றிவிடுவதுதான் புத்தி. பெல்ற் மட்டும் போதாது: இழுவைச் சில்லின் பெயாரிங், கிராங்கின் முன் ஒயில் சீல், காம் ஒயில் சீல் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். சீல் கசிந்து ஒயிலில் ஊறும் புது பெல்ற் பாதி ஆயுளுக்கும் தாங்காது. கிராங், காம், பம்ப் மூன்றின் அடையாளமும் நேராக நின்றபின் பெல்ற்றை மாட்டி, செல்ஃப் அடிக்காமல் கையால் கிராங்கை ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். திரும்ப மூன்று அடையாளமும் நேராக வந்தால்தான் சரி. சுற்றும்போது எங்காவது இறுகினால் பலம் போடாதீர்கள்; அங்கே வால்வு பிஸ்ரனைத் தொடுகிறது. கீழ் மூடி உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், கிறவல் வீதியின் சிறு கல் ஒன்று உள்ளே போனாலே பெல்ற்றின் பல் போய்விடும்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. அந்த நினைவில் இன்றும் டீசலோடு மண்ணெண்ணெய் கலக்கிறார்கள். 2022 தட்டுப்பாட்டில் இது கூடியது. அந்தப் பழைய கார்களின் காபுறேற்றருக்கு எண்ணெய்ப் பசை தேவையில்லை. டொல்பினின் டீசல் பம்போ உள்ளே ஓடும் டீசலின் பசையில்தான் உராயாமல் சுழல்கிறது. மண்ணெண்ணெய் காய்ந்த திரவம். பம்பின் உட்பாகங்கள் கீறுப்பட்டு, முதலில் சூட்டில் ஸ்ரார்ட் பிடிக்காது, பிறகு பம்பே இறுகும்.

2004 க்குப் பின் வந்த, ஹைஏஸின் அடுத்த வகையான கே.டி.எச் வான்களில் கதை வேறு. 1கே.டி எஞ்சினில் இன்ஜெக்ரரின் அடியில் இருக்கும் சிறிய செப்பு வோஷர் கசிந்தால், எரிந்த புகை எஞ்சினின் மேல் மூடிக்குள் புகுந்து ஒயிலைக் கரியாக்கும். அந்தக் கரி அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குள் இறங்கி ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். வெளியே புகையும் இல்லை, சத்தமும் பெரிதாக இல்லை; ஒருநாள் எஞ்சின் அப்படியே இறுகிவிடும். ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே தார்போல் கரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வோஷரை மாற்றுவதோடு நிற்காமல் சம்பைக் கழற்றி வலையையும் பார்க்க வேண்டும். இன்ஜெக்ரரே மாற்றினால் அதன் மேலுள்ள குறியீட்டு எண்ணை ஸ்கானரால் பதிய வேண்டும்.

மாரியில் வட்டுவாகல் பக்கம் உவர்நீரில் இறங்கி வரும் வண்டிகளின் அடிப்பக்கத்தை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சூடாக இருக்கும் பின்புற அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் அதன் மூச்சுக் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சும். உள்ளே இருக்கும் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் அதை அன்றே மாற்ற வேண்டும்.

ஹைபிரிட் கார்கள் பற்றி ஒரு விடயம் மட்டும். பிரியஸிலும் அக்குவாவிலும் பின் சீற் பக்கத்தில் இருக்கும் காற்று வாய் பற்றரியைக் குளிரவைப்பதற்கானது. கிறவல் தூசு அந்த விசிறியை அடைத்தால் பற்றரி சூட்டில் சாகும். விசிறியைக் கழற்றித் துடைப்பது சிறு வேலைதான். ஆனால் அந்தப் பற்றரி பிரியஸில் 200 வோல்ற்றுக்கும் சற்று மேல், முதல் தலைமுறை அக்குவாவில் 144 வோல்ற். உயர் மின்னழுத்தக் கையுறை போட்டு, பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றி, குறைந்தது பத்து நிமிடம் பொறுத்தபின்தான் கை வைக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம், கராஜ்களில் ஏற்கனவே வேலை செய்பவர்களுக்காக மாலை நேரக் குறுகிய வகுப்பு ஒன்றை இதற்கென நடத்தினால் உயிர் தப்பும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்திருக்கிறது. ஜப்பானில் ஏலத்தில் விற்ற வண்டிக்கு ஏலத்தாள் உண்டு. ஓடிய தூரமும் தரமும் அதில் இருக்கும். தரத்தின் இடத்தில் ‘ஆர்’ என்று இருந்தால் அடிபட்டுத் திருத்திய வண்டி. தாளைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். வாங்கியபின், பெல்ற் மாற்றிய திகதியையும் மீற்றர் எண்ணையும் தகட்டில் கீறி, முன் சீற்றுக்குக் கீழே எஞ்சின் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வண்டி கைமாறினாலும் அந்தத் தகடு வண்டியோடு போகும்.

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் திருத்துநர்கள்,
பரந்தன் – கிளிநொச்சி.