முகிலனுக்கு: தினமும் ஓட்ட எந்தக் கார்?

அன்புள்ள முகிலா,

பழைய லம்போர்கினி ஹூரகான் சூப்பர்கார் வாங்கலாமா, துணிக்கூரை போட்ட சின்ன மாஸ்டா எம்எக்ஸ்-5 போதுமா என்று கேட்டிருந்தாய். சிகாகோவில் தினமும் ஆபீஸ் போய்வரத்தான் கார் என்றால், கண்ணை மூடிக்கொண்டு மாஸ்டாவை வாங்கு.

ஹூரகான் அருமையான வண்டி, அதில் சந்தேகமே இல்லை. நீ பார்த்துவைத்திருக்கும் எல்பி610-4 மாடலில் 5.2 லிட்டர் வி10 இன்ஜின், 600 குதிரைத்திறனுக்கு மேல். ஆனால் அதன் பலத்தில் பாதியைக்கூட ஊருக்குள் தொட முடியாது. 2019க்குப் பிந்தைய எம்எக்ஸ்-5ல் 181 குதிரைத்திறன்தான், எடையும் சுமார் 1,060 கிலோதான். இரண்டாவது கியரில் இன்ஜினை நிமிஷத்துக்கு 7,500 சுற்று வரை இழுத்தாலும் வேகம் மணிக்கு 100 கி.மீ. அளவில்தான் நிற்கும். ஹைவேயில் ஏறும் அந்தச் சில விநாடிகளில், சட்டத்தை மீறாமலே இன்ஜினைக் கிட்டத்தட்ட முழுசாக அனுபவிக்கலாம். தினமும் கிடைக்கிற சந்தோஷம் அது.

அடுத்தது டயர். உங்கள் ஊரில் விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து ரோட்டைப் பெயர்த்துவிடும். மார்ச் மாதத்தில் எங்கு பார்த்தாலும் குழிதான். ஹூரகானின் முன்டயர் 245/30, அதாவது அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் அதில் 30 சதவீதம்; ரிம் 20 அங்குலம். பக்கச்சுவர் நான்கு விரல் உயரம்கூட இல்லை. குழியில் விழுந்தால் டயர் புடைக்கும், இல்லையென்றால் ரிம் நெளியும். எம்எக்ஸ்-5க்கு 16 அங்குல ரிம்மில் 195/50 போடலாம். பக்கச்சுவர் பத்து சென்டிமீட்டர் வரும், அடியைத் தாங்கும். குளிர்காலத்துக்குத் தனி செட் வாங்கினாலும் கையைக் கடிக்காது. கோடை டயர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிமானம் இழக்கும், அதனால் கோடை டயர் போட்ட எந்தக் காருக்கும் இந்த இரண்டாவது செட் கட்டாயம்.

நெரிசலில் ஊர்ந்தால் ஹூரகானின் தானாகக் கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடேறித் தேயும். கார்பன் செராமிக் பிரேக் தட்டுகள் நான்கையும் மாற்ற நேர்ந்தால் ஒரு பழைய எம்எக்ஸ்-5 விலையே ஆகிவிடலாம். பெட்ரோல் மாஸ்டாவில் லிட்டருக்குச் சுமார் 12 கி.மீ., ஹூரகானில் ஆறு.

சாமான் வைக்க இரண்டிலும் அதிக இடமில்லை, அதை எதிர்பார்க்காதே.

2019 அல்லது அதற்குப் பிந்தையதாகவே தேடு, கண்ணு. அந்த வருஷம்தான் திறன் கூடியது. ஸ்டியரிங்கை நம் பக்கம் இழுத்து வைக்கும் வசதியும் அப்போதுதான் வந்தது. உன் நீளக் கால்களுக்கு அது இல்லாமல் சரிவராது. 2016 தொடக்கக் கார்களில் கியர்பாக்ஸ் போனதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

பார்க்கப் போகும்போது சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்பெட்டை அழுத்திப் பார். ஈரமாக இருந்தால் துணிக்கூரையின் வடிகால் துளையில் இலைதழை அடைத்திருக்கலாம். வாங்கிய பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை மெல்லிய நைலான் நரம்பை விட்டு அதைச் சுத்தம் செய். கம்பியால் குத்தினால் உள்ளே இருக்கும் குழாய் கிழிந்துவிடும். ரோட்டில் உப்பு போடும் ஊர் என்பதால் அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. குளிர்ந்த வண்டியில் ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றும்போது கரகரத்தால் அந்தக் காரை விட்டுவிடு.

அன்புடன்,
அம்மா